பொன்னுருக்கு நாளில் கவிழ்ந்த படகு

என் அக்காவின் மகன் தண்ணீருக்குள் இருந்த நேரம் ஒரு நிமிடத்துக்கு மேல், இரண்டு நிமிடத்துக்குக் குறைவு. அப்போது கூட இருந்த இருவரிடமும், அவனை வெளியே இழுத்த படகுத்துறை ஊழியரிடமும் பின்னர் தனித்தனியாகக் கேட்டேன். ஒருவன் முப்பது விநாடி என்றான். மற்றவன் ஐந்து நிமிடம் என்றான். ஊழியர் மட்டும், துறையிலிருந்து தான் நீந்திப்போன தூரத்தைக் கைநீட்டிக் காட்டினார். அதை வைத்துத்தான் இந்த நேரத்தைச் சொல்கிறேன்.

மருமகன் அன்று மாப்பிள்ளை. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, பொன்னுருக்கு புதன்கிழமை. யாழ்ப்பாணத்து வழக்கப்படி தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்து உருக்குவார்கள். உருக்கிய பிறகு மாப்பிள்ளை வீட்டைவிட்டு வெளிக்கிடக்கூடாது. பொம்பிளையும், அதாவது மணப்பெண்ணும், தன் வீட்டில் அப்படித்தான். தாலி கட்டும்வரை ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதும் இல்லை. கொழும்புக்கு வந்து முப்பது வருடமாகியும், வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடியிருந்தும், அக்கா இந்த விஷயத்தில் எதையும் விட்டுக்கொடுத்தவர் அல்ல.

அந்த வழக்கம்தான் அவர்களை ஏரிக்கு அனுப்பியது என்றும் சொல்லலாம். ரொறன்ரோவிலிருந்து மருமகனின் சித்தப்பாவின் மகன்மார் இருவர் கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். மத்தியானத்தோடு மாப்பிள்ளைக்கு நான்கு நாள் வீட்டுக்காவல், அதற்கு முன் ஒரு சுற்றுப் போய்வருவோம் என்று காலையிலேயே அவனைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

கொழும்புக்கு வெளியே ஓர் ஏரி. வாத்துத் தலை வைத்த பிளாஸ்டிக் படகு. முன்னால் இரண்டு பேர் மிதிக்கலாம், பின்னால் இரண்டு பேர் இருக்கலாம், மேலே வெயிலுக்கு ஒரு கூரை. மூவருக்கும் மிதவைச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். மருமகனுடைய சட்டையில் இடுப்புக் கொக்கி உடைந்திருந்தது. அவன் அதைச் சும்மா தோளில் கொழுவிக்கொண்டான். துறையிலிருந்து கொஞ்சத் தூரத்தில், தாங்கள் மூவரும் வாத்துத் தலையும் ஒரே படத்தில் விழவேண்டும் என்று சின்னவன் கைபேசியை நீட்டிக்கொண்டு எழும்பி நின்றான். மற்ற இருவரும் அவன் நின்ற பக்கமே நெருங்கினார்கள். படகு ஆறுதலாக, மெல்லத்தான் சரிந்தது என்று பெரியவன் சொன்னான். ஆள் இருக்கிற கதிரை பின்னுக்குச் சாய்கிற மாதிரி.

அண்ணனும் தம்பியும் வெளியே விழுந்து, கவிழ்ந்த படகின் முதுகைப் பிடித்துக்கொண்டார்கள். மருமகன் கூரைக்கும் இருக்கைக்கும் இடையில் அகப்பட்டான். கொக்கி இல்லாத சட்டை மேலே கிளம்பி முகத்தை மூடி, அவனைத் தலைகீழான இருக்கையோடு சேர்த்து அழுத்தியிருக்கிறது. மிதப்பதற்கென்று செய்த பொருள் தன் வேலையைச் செய்தது. ஆனால் அவனுக்கு மேலே இருந்தது வானம் அல்ல, படகு.

ஊழியர் கரைக்கு இழுத்துப் போட்டதும் மருமகன் வாந்தி எடுத்தான், இருமினான், தானாகவே எழுந்து உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஊழியர் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். “நே அய்யே, ஹரி,” என்று மருமகன் கையை ஆட்டி, தனக்கு ஒன்றும் இல்லை என்று எழுந்துவிட்டான். மற்ற இருவருக்கும் சிங்களம் தெரியாது. அவருக்குக் கைகொடுத்துவிட்டு வந்தார்கள்.

பத்தே முக்காலுக்கு என் வீட்டு மணி அடித்தது. அக்கா மூன்றாம் மாடி, நான் அதே கட்டடத்தில் முதலாம் மாடி. கதவைத் திறந்தால் மூன்று பேரும் நனைந்து நிற்கிறார்கள்.

“மாமா, அம்மா மேலயோ?”

“மேலதான். கும்பத்துக்கு மாவிலை காணேல்லை எண்டு நிக்கிறா. என்னடா இது, கடலுக்கை இறங்கினனீங்களோ?”

“கடல் இல்லை அங்கிள், லேக்,” என்றான் சின்னவன். “போட் பிரண்டிட்டுது. மாப்பிள்ளை சப்மரீன் மாதிரிக் கீழ போயிட்டார்.”

“நீ கொஞ்சம் வாயை மூடுறியா?” என்றான் பெரியவன்.

“ஒண்டுமில்லை மாமா,” என்றான் மருமகன். இருமினான். “கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டன்.” மறுபடியும் இருமினான். “அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. பொன்னுருக்கிற நாளில இப்படி நடந்திட்டுது எண்டு துடங்கினாவெண்டால் கல்யாணமே நிண்டிடும்.”

அக்காவின் கணவர், எங்கள் அத்தான், இறந்து ஆறு வருடம். அதனால் பொன்னுருக்கில் தாய் தகப்பன் இடத்தில் இருக்கவேண்டியவர்கள் நானும் என் மனைவியும். பெற்ற தாயாக இருந்தாலும் அக்கா முன்னுக்கு வரமாட்டார், குசினி வாசலில்தான் நிற்பார். ஆகவே அந்தக் காலையில் முடிவெடுக்கவேண்டியவன் நான். நல்ல நேரம் பன்னிரண்டு ஐந்திலிருந்து பன்னிரண்டு ஐம்பது வரை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த நேரம் தவறும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வேறு நல்ல நேரம் இல்லை. இவ்வளவையும் நான் யோசித்தேன். அவனுடைய நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று யோசிக்கவில்லை. துவாய் எடுத்துக் கொடுத்தேன், மனைவி இஞ்சி போட்ட பிளேன்ரீ கொடுத்தாள்.

“மத்தியானம் முடியட்டும். பிறகு ஆறுதலாச் சொல்லுவம்,” என்றேன்.

இருபத்தேழு வருடம் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் செய்திகளைத் திருத்தும் மேசையில் இருந்தவன் நான். குளத்தில், ஆற்றில், கடலில் கவிழ்ந்த தோணிகளும் படகுகளும் மாதம் ஒன்றாவது என் கையால் போயிருக்கும். அந்தச் செய்திகளுக்கு ஒரு வடிவம் உண்டு. முதலில் இறந்தவர்கள், பிறகு இடம், பிறகு விசாரணை. கடைசி வரியில், ஏனையோர் காப்பாற்றப்பட்டனர். இடம் போதாத நாட்களில் முதலில் வெட்டுப்படுவது அந்த வரிதான். வெட்டியவன் பெரும்பாலும் நான். காப்பாற்றப்பட்டவர்கள் அதன்பின் எங்கே போனார்கள், இரவு எப்படி மூச்சு விட்டார்கள், மறுநாள் எழும்பினார்களா என்று ஒரு நிருபரிடமும் நான் கேட்டதில்லை. தண்ணீருக்கு வெளியே வந்த ஆள் எனக்கு முடிந்துபோன ஆள்.

பொன்னுருக்கு சரியாகப் பன்னிரண்டு பத்துக்குத் தொடங்கியது. விறாந்தை இல்லாத வீடு, இருப்பறையின் நடுவில் கும்பமும் குத்துவிளக்கும். பொன்வேலை செய்யும் ஆசாரியார் ஒரு தட்டில் மண்ணைப் பரப்பி அதன்மேல் பொன் உருக்கும் சிறிய கிண்ணமான மூசையை வைத்தார். மருமகன் பட்டு வேட்டியோடு வந்து, வெற்றிலையில் வைத்த பொன் நாணயத்தை அவரிடம் கொடுத்தான். அவர் எரிவாயுக் குழாயைப் பற்றவைத்து நீல நிறச் சுவாலையை மூசையின்மேல் பிடித்தார். மருமகன் இருமினான். ஆசாரியார் சுவாலையை விலக்கிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

“தம்பிக்குச் சுகமில்லையோ?”

“புகை ஒத்துக்கொள்ளாது அவனுக்கு,” என்று அக்கா குசினி வாசலிலிருந்து சொன்னார். “சின்னனிலயும் அப்படித்தான்.”

ஆசாரியாரின் சுவாலையில் புகையே இல்லை. நான் மருமகனுக்குப் பக்கத்தில் இருந்தேன். எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு. மணிக்கூட்டைப் பார்த்து அவன் மூச்சை எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. அது கூடுதலா குறைவா என்று தெரியவில்லை. அதனால் என்னுடையதை எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு. பொன் உருகி ஒரு சொட்டாகத் திரண்டது. அது ஆறியதும் ஆசாரியார் தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். முப்பத்திரண்டு என்ற எண் என் மனதில் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் எண்ணினாய் என்று கேட்பார்கள்.

சாப்பாட்டில் மருமகன் கை வைக்கவில்லை. களைப்பு என்று அறைக்குள் போனான். பொன்னுருக்கிய கையோடு பொம்பிளை வீட்டுக்குப் பலகாரத் தட்டங்கள் கொண்டுபோவது முறை. என் மனைவியும் மற்றப் பெண்களும் இரண்டரை மணிக்கு வான் வண்டியில் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டார்கள். வீட்டில் மிஞ்சியது அக்கா, நான், ரொறன்ரோ சகோதரர்கள், மாப்பிள்ளை.

மூன்றரைக்குப் பெரியவன் என்னை அறைக்குள் கூப்பிட்டான். மருமகன் படுத்திருக்கவில்லை. கட்டில் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு வருகுதில்லை என்றான். அந்த வசனத்தைச் சொல்லி முடிக்க அவனுக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது. உதடு சாம்பல் நிறம். கையிலிருந்த லேஞ்சித் துணியில் துப்பியிருந்தான். நுரை, அதில் இலேசான சிவப்பு.

பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் குடும்ப வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். காலி வீதியில் அவருடைய டிஸ்பென்சரி. நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை.

“காலமை விழுந்த ஆளுக்கு இப்பத்தானோ எனக்கு எடுக்கிறியள்?”

“நல்லாத்தான் நடந்து வந்தவன், டொக்டர்.”

“நடப்பினம். நடக்கிறது காலால. என்னட்டைக் கொண்டுவந்து நேரத்தை வீணாக்காதேங்கோ, ஒக்சிசன் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கோ. படுக்க வைக்கவேண்டாம். இப்பவே.”

உள்ளே வந்து அக்காவிடம் சொன்னேன். மருமகன் தண்ணீரில் விழுந்தவன், மூச்சு எடுக்கக் கஷ்டப்படுகிறான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். எப்போது எனக்குத் தெரியவந்தது என்பதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அறைக்குள் ஓடிப்போய் மகனின் நெஞ்சைத் தடவினார். பிறகு வாசலைப் பார்த்தார்.

“பொன்னுருக்கியாச்சே, தம்பி. எப்பிடிப் படி தாண்டுறது? டொக்டரை இஞ்ச வரச்சொல்லு. என்ன வேணுமெண்டாலும் இஞ்ச கொண்டுவரட்டும்.”

“ஆஸ்பத்திரியை இஞ்ச கொண்டுவர ஏலாது, அக்கா.”

“அவையின்ர வீட்டுக்குத் தெரிஞ்சால்? முதல் நாளே தண்ணில கண்டம் வந்த மாப்பிள்ளை எண்டு சொல்லமாட்டினமோ? அந்தப் பிள்ளையைப் பிறகு தரமாட்டினம்.”

“பெரியம்மா,” என்றான் சின்னவன். காலையில் பகிடி விட்டவன் அழுதுகொண்டிருந்தான். “படிதானே தாண்டக்கூடாது? லிப்ட்ல கொண்டுபோவம். லிப்டுக்குப் படி இல்லைத்தானே.”

அக்கா அதை உண்மையாகவே யோசித்தார் என்று நினைக்கிறேன்.

அப்போது என் மனைவியின் அழைப்பு வந்தது. தட்டங்களைக் கொடுத்துவிட்டோம், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்ல எடுத்தாள். நான் அவளிடம் இரண்டு வசனத்தில் நிலைமையைச் சொன்னேன். அவளுடைய முகம் மாறியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் வேறு குரல் வந்தது. பொம்பிளை.

“மாமா, என்னண்டு சொல்லுங்கோ. எனக்கு ஒளிக்க வேண்டாம்.”

சொன்னேன். அவள் ஒரு வங்கியில் கடன் பிரிவில் வேலை செய்பவள். ஒன்றைக் கேட்டால் உடனே முடிவு சொல்லிப் பழகியவள்.

“மாமியிட்டைக் குடுங்கோ.”

அக்காவின் காதில் கைபேசியை வைத்தேன். ஒலி கூடுதலாக இருந்ததால் எனக்கும் கேட்டது.

“மாமி, தாலிக்குப் பொன் உருக்கியாச்சு. கட்ட ஆள் வேணுமெல்லோ? கொண்டுபோங்கோ. எங்கட வீட்டை நான் பாத்துக்கொள்ளுறன்.”

அக்கா கைபேசியை என்னிடம் தந்தார். பட்டு வேட்டியோடு இருந்த மகனின் தோளில் ஒரு சட்டையைப் போட்டார். “வா,” என்றார்.

பெண்கள் போன வான் கொட்டாஞ்சேனையில் நின்றது. அம்புலன்சுக்கு எடுத்தால் இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். அலுவலகங்கள் விடத் தொடங்கும் நேரம், காலி வீதி நிறைய வாகனம். கீழே நின்ற ஓட்டோவில் மருமகனை நடுவில் இருத்தி, நான் ஒரு பக்கம், பெரியவன் மறுபக்கம். அக்காவும் சின்னவனும் பின்னால் இன்னொரு ஓட்டோவில். வழி நெடுக அவன் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தான். நான் எண்ணவில்லை. எண்ணத் துணியவில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர் ஓர் இளம் பெண் வைத்தியர், சிங்களவர், ஓரளவு தமிழ் பேசினார். முகமூடி போட்டார்கள், விரலில் கருவி மாட்டினார்கள், கட்டிலை நிமிர்த்தினார்கள். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள். அதன்பின் அவர் படிவத்தோடு எங்களிடம் வந்தார். அக்கா எனக்குப் பக்கத்தில் நின்றார்.

“எத்தனை மணிக்குத் தண்ணிக்குள்ள போனது?”

“ஒன்பதே முக்கால்,” என்றான் பெரியவன்.

“வெளிய வந்த பிறகு இருமல் இருந்ததா? நிண்டு போனதா, தொடர்ந்து இருந்ததா? யார் பாத்தது?”

சகோதரர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்த இடத்தில் பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் படிவத்தில் பிழையான தகவல் போகும், அதை வைத்து வைத்தியம் நடக்கும்.

“நான் பாத்தன். பத்தே முக்காலுக்கு. இருமல் நிக்கேல்லை. பன்னிரண்டரைக்கு மூச்சு ஒரு நிமிசத்துக்கு முப்பத்திரண்டு.”

வைத்தியர் தலை நிமிர்ந்தார். “நீங்கள் எண்ணினீங்களா?”

“ஓம்.”

அவர் எழுதிக்கொண்டார். அக்கா என்னை ஒருமுறை முழுதாகப் பார்த்தார். பிறகு சற்றுத் தள்ளிப்போய்ச் சுவரோரம் நின்றார்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியபின் அந்த வைத்தியரே எனக்கு விளக்கம் சொன்னார். உள்ளே போன தண்ணீர் அதிகமாக இருக்கவேண்டிய தேவை இல்லை. அது நுரையீரலின் சின்னஞ்சிறு காற்றறைகளைக் கெடுத்துவிடும். அதற்குப் பிறகு உடம்பின் சொந்த நீரே அங்கே கசியத் தொடங்கும். அதற்குச் சில மணித்தியாலம் எடுக்கும். அந்த மணித்தியாலங்களில் ஆள் நடப்பார், கதைப்பார், பகிடியும் விடுவார். இருமலோ மூச்சு வேகமோ இருந்தால் நடந்து வந்தாலும் காட்டத்தான் வேண்டும். “விடியிறதுக்கு முதல் ஒக்சிசன் அளவு ஏறாவிட்டால் தொண்டைக்குள்ள குழாய் விட்டு மெசினில போடவேணும்,” என்றார். அதற்குமேல் என்ன நடக்கும் என்று நான் கேட்கவில்லை.

ஆறு மணியளவில் பொம்பிளை வந்தாள். கையில் மருதாணி காய்ந்தபடி, வீட்டுச் சட்டையோடு, தகப்பனையும் கூட்டிக்கொண்டு. கல்யாணம்வரை வெளியே வரக்கூடாதவள், மாப்பிள்ளையின் முகத்தில் முழிக்கக்கூடாதவள். அக்கா எழுந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் பயந்தேன். தன் கதிரையை அவளுக்குக் காட்டிவிட்டு, தான் அடுத்த கதிரையில் அமர்ந்தார். கண்ணாடிக் கதவு வழியாக முகமூடிக்குள் இருந்த முகத்தை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சாப்பிட்டிங்களோ மாமி?”

“இல்லைப் பிள்ளை.”

“நானும் இல்லை,” என்றாள். இருவரும் எழும்பவில்லை.

குழாய் தேவைப்படவில்லை. அடுத்த நாள் விடியுமுன் நாலு மணிக்கு அளவு ஏறத் தொடங்கியது. ஏரித் தண்ணீர் அழுக்கு என்பதால் மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. அதற்கு வேறு மருந்து ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து போனது. மண்டபத்துக்கும் விருந்தினருக்கும் சொல்லும் வேலையை ரொறன்ரோ சகோதரர்கள் இருவரும் செய்தார்கள். சின்னவன் ஒவ்வொருவருக்கும் நடந்ததை நடந்தபடி சொன்னான். தான் எழுந்து நின்றதால்தான் படகு கவிழ்ந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

முகமூடியைக் கழற்றிய அன்று மருமகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். குரல் கரகரத்தது.

“மாமா, நீங்கள் காலமையே கண்டனீங்கள் எண்டு அம்மாவுக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“நல்லா ஏசினவவோ?”

“இல்லை. ஒண்டும் கதைக்கேல்லை.”

“அப்ப சரியான கோவம்தான்,” என்றான்.

அவன் கெஞ்சியதால்தானே சொல்லவில்லை என்று என்னைத் தேற்றப் பார்த்தான். நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அவனுக்கு அப்போது மூளைக்குப் போதிய காற்றுப் போனதா என்பதே நிச்சயம் இல்லை. எனக்குப் போய்க்கொண்டிருந்தது. அவனுடைய இருமலை நான் கேட்டேன், மூச்சை எண்ணினேன், ஆசாரியாரின் சுவாலையில் புகை இல்லை என்பதையும் கண்டேன். கண்ட எல்லாவற்றையும் பன்னிரண்டு ஐந்துக்குப் பின்னால் வரிசையில் நிறுத்திவைத்தேன்.

எட்டாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். புது நாள் வைத்தாகிவிட்டது, ஐந்து வாரம் கழித்து. உருக்கிய பொன்னை மறுபடி உருக்கத் தேவையில்லை என்று ஐயர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் வானுக்காக நின்றபோது அக்கா மருந்துப் பையை என் கையில் தந்தார். அந்த எட்டு நாளில் என்னோடு பேசிய முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது.

“காலமையும் பின்னேரமும் ரெண்டு குளிசை. உன்ர வீட்டிலயும் ஒரு துண்டில எழுதி ஒட்டு.”

“சரி, அக்கா.”

“இனி எனக்கு ஒண்டு சொல்லவேணுமெண்டால் நேரம் பாத்துக்கொண்டு நிக்காத, தம்பி.”

வான் வந்தது. மருமகனை முன் சீட்டில் இருத்தினோம். அக்கா அவனுக்குப் பின்னால் ஏறி, வெள்ளவத்தை வரும்வரை அவனுடைய தோளில் கையை வைத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை அவன் செருமியபோது அந்தக் கை இறுகியது. தொண்டை வறண்டதால்தான் என்று அவன் சொன்னான். சொன்ன பிறகும் அவர் கையை எடுக்கவில்லை, நானும் அவன் மூச்சை எண்ணிக்கொண்டு மணிக்கூட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.